இரண்டு மணி நேரப் புத்தகம்

120 மாணவர்கள் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பில், அடுத்த திங்கட்கிழமைக்குள் இன்ன நூலின் மூன்றாம் அத்தியாயத்தை எல்லோரும் படித்து வரவேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நூலுக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் மூன்று பிரதிகளே இருக்கின்றன. கடையில் வாங்கலாமென்றால் அதன் விலை பெரும்பாலான மாணவர்களுடைய ஒரு மாத உணவுச் செலவுக்குக் குறையாது. வகுப்பு கலைந்தவுடன் படிகளில் ஓடத் தெரிந்த மூவர் மூன்று பிரதிகளையும் கைப்பற்றிக்கொண்டு, நூலக விதி அனுமதிக்கும் 14 நாளும் விடுதி அறையில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் விதியை எள்ளளவும் மீறவில்லை. முந்தி வந்தவருக்கு முதல் உரிமை என்ற, பார்வைக்கு அப்பழுக்கற்ற அந்த ஒழுங்குதான் மற்ற 117 பேரையும் வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறது.

இந்தச் சங்கடத்திற்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கண்ட பரிகாரம் கேட்பதற்கு மிக எளியது. பாடத்திற்கு இன்றியமையாத நூல்களைப் பொது அலமாரியிலிருந்து பிரித்தெடுத்து, கவுண்டருக்குப் பின்னால் தனியே அடுக்கி, ஒருவரிடம் ஒரு தடவையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருக்கலாகாது என்று நிபந்தனை விதித்துவிடுகிறார்கள். இதற்கு ரிசர்வ் என்று பெயர். ஏரியில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில், இன்னார் வயலுக்கு இத்தனை நாழிகை என்று முறை வைத்து நீர்ப்பாய்ச்சி மடையைத் திறந்து அடைக்கும் நம் கிராமத்து ஏற்பாட்டில் என்ன நியாயம் உண்டோ, அதே நியாயந்தான் இதிலும் இருக்கிறது. ஒன்றேயான பொருளைப் பலருக்கு உரிமையாக்க வேண்டுமானால் காலத்தைத்தான் கூறுபோட வேண்டும்.

ஏதோ ஓர் அலுவலகச் சில்லறை விவகாரம் போலத் தோன்றும் இந்த ஏற்பாட்டிற்கு ஏழு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பூர்வ சரித்திரம் உண்டு என்பதும், இதை முன்னிட்டு அட்லாண்டாவிலும் டெல்லியிலும் உலகத்தின் மிகப் பழைய பதிப்பகங்கள் நீதிமன்றப் படியேறின என்பதும், இன்று கணினித் திரையிலும் அதே இரண்டு மணி நேரக் கணக்கு வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது என்பதும் பலர் அறியாத செய்திகள்.

கவுண்டருக்குப் பின்னால்

முதலில் அந்தக் கவுண்டரையே சற்று நெருங்கிப் பார்ப்போம். வகுப்புகள் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னரே, ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடத்திற்குரிய நூல்களின் பட்டியலை நூலகத்திற்கு அனுப்பவேண்டும் என்பது சம்பிரதாயம். பட்டியல் வந்ததும் ஊழியர் ஒருவர் கேட்டலாக்கைப் பார்த்து, நூல் இருக்கிறதா, இருந்தால் அலமாரியில் இருக்கிறதா, வெளியே போயிருந்தால் யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். வெளியே இருப்பதைத் திருப்பித் தரும்படி எடுத்தவருக்குக் கடிதம் போகும். கோடை விடுமுறை முழுவதும் தமக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்த ஆராய்ச்சி மாணவர் முகம் சுளித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுப்பார். நூலகத்தில் இல்லாததை வாங்க ஆர்டர் போடுகிறார்கள். அச்சில் இல்லாத பழைய நூலானால் பேராசிரியரே தம் சொந்தப் பிரதியைக் கொடுத்துவைப்பதும் உண்டு. அப்படி வந்த பிரதிகளுக்கு மாணவரிடையே தனி மவுசு, ஏனெனில் அவற்றின் ஓரங்களில் ஆசிரியர் பென்சிலால் கிறுக்கிவைத்த குறிப்புகளிலிருந்து பரீட்சைக் கேள்வியை ஊகித்துவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை.

பிறகு முதுகில் ஒரு வண்ணப் பட்டை ஒட்டப்படுகிறது. கணினியில் அந்நூலின் இருப்பிடமும் தவணையும் மாற்றி எழுதப்படுகின்றன. அதுவரை இரண்டு வாரப் புத்தகமாயிருந்தது அன்று முதல் இரண்டு மணி நேரப் புத்தகமாகிறது. ஐ.டி. கார்டைக் காட்டி வாங்கிக்கொண்டு, கட்டடத்தை விட்டு வெளியேறாமல் அங்கேயே உட்கார்ந்து படிக்கவேண்டும். தவணை தாண்டினால் அபராதம் நாட்கணக்கிலன்று, மணிக்கணக்கில் ஏறும். இரவு மூடும் நேரம் நெருங்கும்போது மட்டும் ஒரு சலுகை: அப்போது எடுத்தவர் அறைக்குக் கொண்டுபோகலாம், மறுநாள் காலையில் திறந்தவுடன் திருப்பிவிட வேண்டும். பரீட்சைக் காலத்தில் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் கவுண்டர் முன் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, படிப்பில் நாட்டம் குறைந்துவிட்டது என்று மேடையில் பேச மனம் வராது.

மனித சுபாவத்தை அறிய விரும்புபவர்க்கும் அது நல்ல இடம். எடுத்த நூலைத் திருப்பித் தராமலும் அபராதம் கட்டாமலும் தன் வசமே வைத்துக்கொள்ள மாணவர் கண்டுபிடித்த உபாயம் ஒன்று உண்டு. திறந்த அலமாரியில் ரிசர்வ் நூல்கள் இருக்கும் இடங்களில், தனக்கு வேண்டிய பொருளாதார நூலைத் தூக்கிக்கொண்டு போய், எவரும் எட்டிப்பார்க்காத கால்நடை மருத்துவப் பகுதியில் இரு தடித்த தொகுதிகளுக்கு நடுவே செருகிவிட்டு வந்துவிட்டால், புத்தகம் நூலகத்திற்குள்ளேதான் இருக்கிறது, ஆனால் அவன் ஒருவனுக்கு மட்டுந்தான் இருக்கிறது. இதைவிடக் கொடியது பிளேடு. வேண்டிய அத்தியாயத்தை மட்டும் தைத்த இடத்தை ஒட்டி அறுத்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தை மரியாதையாகத் திருப்பிக்கொடுத்துவிடுபவர்கள் எல்லாத் தேசத்து நூலகங்களிலும் இருந்திருக்கிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் பூட்டிவைக்கும் வழக்கம் பிறந்ததற்கு நூலகரின் கருமித்தனம் காரணமென்று பழிப்பவர்கள் இந்தப் பிளேடை மறந்துவிடுகிறார்கள்.

வெட்டிக் கொடுத்தார்கள், கட்டி வைத்தார்கள்

காலத்தைக் கூறுபோடும் யோசனை தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு, புத்தகத்தையே கூறுபோட்டுக் கொடுத்த ஒரு காலம் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் பொலோனா, பாரிஸ் முதலிய பல்கலைக்கழகங்களில், பாடநூலின் பிழைதிருத்திய மூலப்பிரதி ஒன்றைப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் பெற்ற புத்தக வியாபாரி வைத்திருப்பார். அது பைண்டு செய்யப்படாமல், பெரும்பாலும் நந்நான்கு தாள் கொண்ட தனித்தனிக் கட்டுகளாக இருக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் எண் உண்டு. மாணவனோ, அவன் அமர்த்திய எழுத்தனோ ஒரு கட்டை வாடகைக்கு எடுத்துப்போய்ப் பிரதி செய்துகொண்டு, அதைத் திருப்பிக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டை எடுத்துப்போக வேண்டும். ஒருவன் பன்னிரண்டாம் கட்டை எழுதிக்கொண்டிருக்கும்போது மற்றொருவன் ஐந்தாவதையும் இன்னொருவன் முப்பதாவதையும் எழுதிக்கொண்டிருக்கலாம். ஆகவே ஒரே மூலத்திலிருந்து ஒரே சமயத்தில் பல பிரதிகள் விளைந்தன. இஷ்டப்படி வாடகை கேட்க வியாபாரிக்கு அதிகாரமில்லை. கட்டுக்கு இவ்வளவு என்று பல்கலைக்கழகமே நிர்ணயித்தது. பாரிஸ் நகரத்தில் 1304-ஆம் ஆண்டு வழங்கிய அத்தகைய விலைப்பட்டியல் ஒன்று இன்றும் கிடைக்கிறது. பொலோனாவில் கட்டுகளில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஒரு குழு இருந்தது.

இந்த ஏற்பாட்டின் முழு ரூபத்தையும் 1935-ல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியில் உலகுக்கு எடுத்துக் காட்டியவர் ழான் தெஸ்த்ரே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். பழைய கையெழுத்துப் பிரதிகளின் ஓரத்தில், பொடி எழுத்தில், எங்கே ஒரு கட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று எழுத்தன் குறித்துவைத்த எண்களே அவருக்குச் சாட்சி. இன்னொரு சாட்சி சுவாரஸ்யமானது. தனக்கு வேண்டிய கட்டை வேறொருவன் எடுத்துப் போயிருந்தால், எழுத்தன் காத்திருக்காமல், அதற்குத் தேவைப்படும் இடத்தை உத்தேசமாக விட்டுவிட்டு அடுத்ததை எழுதத் தொடங்குவான்; விட்டுப்போன கட்டு பிறகு கிடைக்கும்போது இடம் போதாமல் எழுத்துகளை நெருக்கித் திணிப்பான், அல்லது இடம் மிஞ்சி வரிகளை இழுத்துப்போட்டு நிரப்புவான். 700 ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் மாணவன் ஒருவன், தான் கேட்ட பகுதியைப் பக்கத்து அறைக்காரன் இன்னும் திருப்பவில்லை என்று புலம்பியதைத்தான் அந்த நெருக்கிய வரிகள் நமக்குச் சொல்கின்றன.

அதே பாரிஸ் நகரில், ரொபேர் தெ சொர்போன் நிறுவிய கல்லூரி வேறொரு மார்க்கத்தைக் கைக்கொண்டது. 1290-ஆம் ஆண்டுப் பட்டியலின்படி அங்கே 1017 நூல்கள் இருந்தன. அக்காலத்திற்கு அது குபேர சம்பத்து. அதற்கு முந்தைய ஆண்டில், அடிக்கடி வேண்டப்படும் நூல்களைப் பிரித்தெடுத்து, சாய்வு மேஜைகளில் இரும்புச் சங்கிலியால் பிணைத்து, எவரும் வந்து படிக்கலாம், எவரும் கொண்டுபோகலாகாது என்று செய்துவிட்டார்கள். மற்றவை கல்லூரி அங்கத்தினருக்கு இரவலாகப் போய்க்கொண்டிருந்தன. சங்கிலி என்றவுடன் அறிவைச் சிறைவைத்த கொடுமை என்று நாம் பொரிந்து தள்ளுவது வழக்கம். ஆனால் சொர்போனில் சங்கிலியில் கிடந்தது எது என்று பார்த்தால், எல்லோருக்கும் வேண்டியிருந்த நூல்தான். சிலருக்கு மட்டும் வேண்டியது சங்கிலியின்றி வெளியே போயிற்று. இரவல் பகுதி வேறு, ரிசர்வ் பகுதி வேறு என்ற இன்றைய பாகுபாடு அப்போதே முழு உருவில் வந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

அச்சு யந்திரம் வந்தபின் இந்தத் தொல்லை சில நூற்றாண்டுகள் மறைந்திருந்தது. ஒரே பாடநூல், அதையே ஒப்பிப்பது, அதிலேயே பரீட்சை என்றிருக்கும் வரையில் மாணவனுக்கு நூலகமே தேவைப்படவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் ஹார்வர்டில் சார்லஸ் எலியட் தலைவராகி, மாணவர் தாமே பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் முறையைப் பரவச் செய்ததும், பல நூல்களை ஒப்பிட்டு மூலங்களைத் தேடிப் படிக்கும் கல்வி தலையெடுத்ததுமே பழைய தொல்லையை மீண்டும் எழுப்பின. சட்டக் கல்லூரித் தலைவர் லாங்டெல், சட்டத்தை விளக்கவுரைகளால் அன்றித் தீர்ப்புகளாலேயே கற்பிக்க வேண்டும் என்று துணிந்தபோது, அவர் எதிரில் நின்ற முதல் தடையும் இதுதான்: ஒரு பெரிய வகுப்பு முழுவதும் ஒரே சமயத்தில் அதே தீர்ப்புத் தொகுதிகளைக் கேட்டால் நூலகம் என்ன செய்யும்? வேண்டிய தீர்ப்புகளைத் திரட்டி 1871-ல் அவர் தனி நூலாகவே அச்சிட்டுவிட்டார். அமெரிக்கச் சட்ட மாணவர் இன்றும் சுமந்து திரியும் தீர்ப்புத் திரட்டுகளின் வம்சம் அதிலிருந்து தொடங்குகிறது.

எல்லா ஆசிரியரும் அப்படி அச்சிட முடியாது. 1877-ல் ஹார்வர்டு நூலகராக வந்த ஜஸ்டின் வின்சரின் காலத்தில், பேராசிரியர்கள் தாம் வகுப்பில் குறிப்பிடும் நூல்களின் பட்டியலைத் தருவதும், நூலகம் அவற்றைத் தனியே எடுத்துவைப்பதும் முறைப்பட்ட வழக்கமாயின. அன்றைய நூலகமான கோர் ஹாலில் தீப்பயத்தால் பல ஆண்டுகள் விளக்கே வைக்கவில்லை. பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்தியாக வேண்டிய அத்தகைய கட்டடத்தில், இரவுக்கு மட்டும் நூலை வீட்டுக்கு விடுவது தயவாக இல்லாமல் அவசியமாகவே இருந்திருக்கும். 1949 ஜனவரியில் இளங்கலை மாணவருக்கென்றே ஹார்வர்டு திறந்த லாமாண்ட் நூலகம், பாடத்திற்கு வேண்டிய நூல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்ற நோக்கத்துடனேயே அமைக்கப்பட்டது. நோக்கம் உயர்ந்ததுதான், ஆனால் அதே விரிவுரைகளைக் கேட்டுவந்த ராட்கிளிஃப் கல்லூரிப் பெண்களுக்கு அதன் வாசல் 1967 வரையில் திறக்கவில்லை. எல்லோருக்குமாகப் பங்கிடுகிறோம் என்று சொல்பவரிடம், அந்த எல்லோரும் யார் யார் என்று ஒருதரம் கேட்டுவைப்பது நல்லது.

ஓர் ஆட்சேபமும் ஒரு பட்டியலும்

ரிசர்வ் முறையை எல்லா அறிஞரும் கொண்டாடவில்லை. அமெரிக்கக் கல்லூரி நூலகங்களை நேரில் ஆராய்ந்து 1940-ல் ஒரு நூல் எழுதிய ஹார்வி பிரான்ஸ்கோம், மாணவர் நூலகத்தை உபயோகிப்பதில் பெரும்பங்கு ஆசிரியர் சொல்லிவைத்த ரிசர்வ் நூல்களோடே நின்றுவிடுகிறது என்றும், தாமாகத் தேடிப் படிப்பது மிகவும் சொற்பம் என்றும் கண்டு வருந்தினார். ஆட்சேபத்தில் சாரமில்லாமலில்லை. கவுண்டரில் பெயரைச் சொல்லிப் புத்தகத்தை வாங்கி, குறிப்பிட்ட 30 பக்கங்களை மட்டும் படித்துத் திருப்பிவிடும் மாணவன், அந்த நூலுக்கு இடமும் வலமும் என்னென்ன நூல்கள் இருக்கும் என்பதை அறியாமலே பட்டம் பெற்றுப் போய்விடலாம்.

நம் சீர்காழி ரங்கநாதன் இதைக் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார். கணித ஆசிரியராயிருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931-ல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்தளித்த அப்பெரியார், வாசகன் அலமாரிகளுக்கிடையே சுதந்திரமாக உலாவவேண்டும் என்பதில் பிடிவாதமானவர். ஆனால் அவரே, நூலின் வகுப்பெண், புத்தக எண் ஆகியவற்றோடு, அது நூலகத்தின் எந்தத் தொகுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் மூன்றாவது எண் ஒன்றையும் விதித்தார். எல்லா நூலும் எப்போதும் ஒரே வரிசையில் நிற்கவேண்டியதில்லை, வாசகரின் தேவைக்கு இசையச் சிலவற்றைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கலாம் என்ற விவேகம் அதில் அடங்கியிருக்கிறது. வாசகனின் பொழுதைக் காப்பது நூலகத்தின் கடமை என்று சொன்னவருக்கு, 117 பேர் வெறுங்கையோடு திரும்புவது சம்மதமாயிராது.

என் அபிப்பிராயத்தில் குறை முறையில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. நூலகர் எவ்வளவு சமர்த்தராயினும், எந்த நூல் வேண்டும் என்று அவராக ஊகிக்க முடியாது. ஆசிரியர் சென்ற ஆண்டுப் பட்டியலையே தூசி தட்டி அனுப்பினால் சென்ற ஆண்டுப் புத்தகந்தான் கவுண்டருக்கு வரும். 60 நூல்களின் பெயரை அள்ளிப்போட்டு அனுப்பினால் எதை முதலில் படிப்பது என்று தெரியாமல் மாணவன் ஒன்றையும் தொடமாட்டான். வகுப்பு தொடங்கி ஒரு மாதம் கழித்து அனுப்பினால் முன்சொன்ன மூவர் அதற்குள் மூன்று பிரதிகளையும் எடுத்துப்போயிருப்பார்கள். நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் ரெஃபரன்ஸ் பிரிவு உண்டு. வீட்டுக்குத் தராமல் அங்கேயே படிக்கும்படி பாடநூலின் ஒரு பிரதியை வைத்திருப்பதும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்குப் பாடநூல்களைப் படிப்பு முடியும் வரை கொடுத்துவைக்கும் புத்தக வங்கித் திட்டமும் உண்டு. இல்லாதது, இந்தப் பருவத்தில் இந்த வகுப்புக்கு இந்தப் பக்கங்கள் என்று ஆசிரியரிடமிருந்து வரும் ஒரு தாள். சிலபஸின் கடைசியில் அச்சிட்டிருக்கும் நூற்பட்டியல் அந்தத் தாளாகாது. அதைத் தயாரித்த குழு எப்போதோ கலைந்து போயிருக்கும்.

நாற்பது பைசா

ஜெராக்ஸ் யந்திரம் வந்ததும் நூலையும் கூறுபோட வேண்டாம், காலத்தையும் கூறுபோட வேண்டாம் என்றாயிற்று. வேண்டிய அத்தியாயங்களை ஒரே கட்டாகப் பிரதி எடுத்து ஒவ்வொரு மாணவன் கையிலும் கொடுத்துவிடலாம். அமெரிக்காவில் இதை ஒரு வியாபாரமாகவே நடத்திய கின்கோஸ் நிறுவனத்தின்மேல் பதிப்பகங்கள் வழக்குத் தொடர்ந்து, 1991-ல் 5,10,000 டாலர் நஷ்டஈடு பெற்றன. அதற்கு இருபத்தோராண்டு கழித்து அதே விவகாரம் டெல்லிக்கு வந்தது.

டெல்லி பொருளாதாரக் கல்லூரி வளாகத்தில், பல்கலைக்கழகத்தின் லைசென்ஸ் பெற்று, பக்கத்திற்கு 40 பைசா வீதம் பிரதி எடுத்துக்கொடுத்தது ராமேஷ்வரி என்ற சிறு கடை. ஆசிரியர்கள் வகுத்த பாடத்திட்டப்படி, பல்கலைக்கழக நூலகத்து நூல்களிலிருந்தே அது பாடக்கட்டுகளைத் தயாரித்து விற்றது. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் ஃப்ரான்சிஸும் அக்கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் காப்புரிமை வழக்குத் தொடுத்து, 60 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டன. கட்டுகள் விற்பது தடைப்பட்டது. மாணவர் சங்கம் அமைத்து, எங்களையும் கட்சிக்காரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நீதிமன்றம் சென்றனர். எவருடைய நூல்கள் பிரதியெடுக்கப்பட்டன என்று வழக்கு சொல்லிற்றோ, அந்த ஆசிரியர்கள் பலரே வழக்கை வாபஸ் வாங்கும்படி பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டது இவ்விவகாரத்தின் விசித்திரம்.

1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், போதனையின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு நூலைப் பிரதி செய்வது உரிமை மீறலாகாது என்றொரு விதிவிலக்கு உண்டு. போதனை என்பது வகுப்பறையில் ஆசிரியர் வாய் திறந்து மூடும் அந்த ஒரு மணி நேரந்தானா, அல்லது பாடத்திட்டம் வகுப்பது முதல் பரீட்சை வரை நீளும் காரியம் முழுவதுமா என்பதே கேள்வி. 2016 செப்டம்பர் 16-ஆம் தேதி தீர்ப்பளித்த நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா, முழுவதுந்தான் என்றார். தாம் சட்டம் பயின்ற நாட்களில் ஜெராக்ஸ் வசதி அருமையாக இருந்தது என்றும், மாணவர் முறைவைத்து நூலகத்தில் உட்கார்ந்து அத்தியாயம் அத்தியாயமாகக் கையாலேயே எழுதியெடுத்துக் கார்பன் பிரதிகள் செய்துகொண்டார்கள் என்றும் அவர் தீர்ப்பிலேயே நினைவுகூர்ந்தார். கையால் எழுதியபோது குற்றமாகாத காரியம், யந்திரம் எழுதும்போது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பது அவர் தர்க்கம். பாரிஸ் எழுத்தனின் நியாயம் இப்படி டெல்லி நீதிமன்றத்தில் வெற்றி பெற்றது.

அதே ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி, மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் பிரதீப் நந்திரஜோக், யோகேஷ் கன்னா இருவரும், கொள்கையளவில் இதை ஆமோதித்து, ஒரு வரம்பு மட்டும் வைத்தார்கள்: எத்தனை பக்கம் என்ற கணக்கன்று, எடுத்தது போதனையின் நோக்கத்திற்கு அவசியமானதுதானா என்பதே சோதனை. அதைச் சாட்சியங்களோடு விசாரிக்கும்படி வழக்கைத் திருப்பியனுப்பினர். பதிப்பகங்கள் அந்த விசாரணைக்கு நிற்கவில்லை. 2017-ல் வழக்கைக் கைவிட்டன. பதிப்பகங்களின் தரப்பில் பிரதியெடுப்புக்கு உரிமம் வழங்கும் சங்கம் மட்டும் தொடர்ந்து உச்சநீதிமன்றம் சென்றது. அங்கும் அந்த ஆண்டு மே மாதம் கதவு சாத்தப்பட்டது.

அமெரிக்காவில் நடந்த மற்றொரு வழக்கு இவ்வளவு சுருக்கமாக முடியவில்லை. அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம், ரிசர்வ் பகுதிகளை ஸ்கேன் செய்து மாணவர் திரையில் படிக்கும்படி வைத்ததை எதிர்த்து, கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, சேஜ் பதிப்பகங்கள் 2008-ல் தொடுத்த வழக்கு, மாவட்ட நீதிமன்றத்திற்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்குமாக ஊசலாடி 2020-ல்தான் ஓய்ந்தது. 2012-ல் நீதிபதி ஒரிண்டா எவான்ஸ் ஒவ்வொரு பகுதியாக அலசி, ஐந்தில் மட்டும் மீறல் கண்டார். பத்தில் ஒரு பங்கு அல்லது ஓர் அத்தியாயம் என்று அவர் வைத்த அளவுகோலை மேல்நீதிமன்றம் 2014-ல் தள்ளிவிட்டது. வழக்குத் தொடங்கியபோது முதலாண்டில் இருந்தவன் அது முடியும்போது தன் மாணவர்களுக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கலாம்.

திரையிலும் முறை

மின்நூல் வந்துவிட்டது, இனி ஒரு பிரதியை எத்தனை பேரும் ஒரே கணத்தில் படிக்கலாம் என்று மகிழ்ந்தவர்கள் ஒன்றைக் கணக்கிலெடுக்கவில்லை. தாளில் அச்சிட்ட நூலை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. மின்நூலில் கிடைப்பது அனுமதி மட்டுமே. ஒரு சமயத்தில் ஒருவர், ஒரு சமயத்தில் மூவர், வரம்பின்றி எத்தனை பேரும் என்று அனுமதிக்குப் பல விலைகள் வைத்திருக்கிறார்கள். ஒருவர் அனுமதி வாங்கிய நூலகத்தில் பரீட்சைக்கு முந்தைய இரவில் திரையைத் திறக்கும் மாணவன் காண்பது, நூல் வேறொருவர் உபயோகத்தில் இருக்கிறது என்ற அறிவிப்பைத்தான். தேய்வும் கிழிசலும் அறியாத ஒரு பொருளுக்குச் செயற்கையாக ஒரு பஞ்சத்தை உண்டாக்கி விற்பது வியாபாரத்திற்கு ஏற்றதாயிருக்கலாம்; பல்கலைக்கழகத்திற்கு ஏற்றதென்று என்னால் சொல்ல இயலவில்லை.

2020 மார்ச்சில், பெருந்தொற்றால் நூலகங்கள் மூடியபோது, ஹாதிட்ரஸ்ட் என்ற அமெரிக்க மின்னூலகக் கூட்டமைப்பு, அங்கத்துவ நூலகங்கள் பூட்டிய கதவுக்குள் எத்தனை அச்சுப் பிரதிகள் வைத்திருந்தனவோ அத்தனை பேர் மட்டும் ஒரே நேரத்தில் திரையில் படிக்கலாம் என்று அவசர ஏற்பாடு செய்தது. ஒருவர் எடுத்தால் தவணை 60 நிமிஷம். காத்திருப்பவர் இல்லையென்றால் புதுப்பித்துக்கொள்ளலாம். வின்சரின் கவுண்டர் அப்படியே திரைக்குள் குடியேறிவிட்டது.

இந்திய அரசு 2025 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒரே நாடு ஒரே சந்தாத் திட்டம், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. மூன்றாண்டுகளுக்கு 6000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். பெரிய காரியந்தான், ஆனால் அது ஆய்விதழுக்கு, பாடநூலுக்கன்று. பாடநூல் விஷயத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. மேல்நாட்டுப் பெரும் பாடநூல் பதிப்பகங்கள் பல, தம் மின்பாடநூலைத் தனி மாணவனுக்குத் தவணைக்கு விற்குமேயன்றி, எந்த விலைக்கும் நூலகத்திற்குத் தருவதில்லை. ஆகையால் அமெரிக்க நூலகங்கள் பல, தம் ஆசிரியர்களுக்கு இப்போது வெளிப்படையாகவே எழுதுகின்றன: பட்டியலில் ஒரு நூலின் பெயரை எழுதுமுன், அதன் மின்பிரதியை நூலகம் வாங்க முடியுமா என்று எங்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள், முடியாதென்றால் அச்சுப் பிரதியை வாங்கி வைக்கிறோம், அதுவும் கட்டுப்படியாகாதென்றால் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் போல விலையின்றிக் கிடைக்கும் பாடநூல் உங்கள் வகுப்புக்குப் பொருந்துமா என்று பாருங்கள். சில ஆசிரியர்கள் பார்க்கிறார்கள். மற்றவர்களுடைய வகுப்புகளுக்காக அச்சுப் பிரதிகள் வாங்கப்பட்டு, வண்ணப் பட்டை ஒட்டப்பட்டு, மறுபடியும் கவுண்டருக்குப் பின்னால் போகின்றன.